நடந்துவிட்டு என்ன சாப்பிடுகிறீர்கள்?

உணவு, உடற்பயிற்சி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கோவையைச் சேர்ந்த உணவியல் ஆலோசகர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்கு 54 வயது, எடை 78 கிலோ. தினமும் காலையில் ரேஸ்கோர்ஸில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். எட்டு மாதமாகிறது, எடை ஒன்றரை கிலோதான் இறங்கியிருக்கிறது. நடை முடிந்ததும் நண்பர்களோடு ஓட்டலில் ஒரு பொங்கல், ஒரு வடை, காபி. இதுதான் காரணம் என்கிறாள் மனைவி. ஒரு மணி நேரம் நடப்பவனுக்கு ஒரு வடைகூட ஆகாதா?
– வாசகர், கோவை

பதில்: வடை ஆகும். தினமும் ஆகாது. உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது, கணக்கைப் பார்த்துவிடலாம்.

78 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் சுமார் 270 கலோரி செலவாகும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் உடம்பு தன் பாட்டுக்கு 80 கலோரி வரை செலவழித்திருக்கும். ஆக, நடந்ததால் கூடுதலாகப் போனது 200 பக்கம். இப்போது ஓட்டல் மேசைக்கு வாருங்கள். நெய் மினுமினுக்கும் ஒரு பிளேட் பொங்கல், சாம்பார் சட்னியோடு 350க்குக் குறையாது. உளுந்துவடை 120, 130. சர்க்கரை போட்ட காபி 80. மொத்தம் 550ஐத் தாண்டிவிடுகிறது. அப்புறம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, ஒன்பது மணிக்கு வழக்கமான டிபனும் உண்டா? நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வரும் காலை நடையாளர்களில் பலருக்கு உண்டு. ஓட்டலில் சாப்பிட்டது ‘சும்மா நண்பர்களோடு’ என்ற கணக்கில் போய்விடுகிறது, வீட்டில் சாப்பிடுவதுதான் டிபன்.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் நடந்து என்ன பிரயோஜனம்’ என்று நாளை காலை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளாதீர்கள். நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். எடை மெஷின் காட்டாத வேலைகளை நடை செய்துகொண்டிருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு தினமும் அரை மணி நேர வேக நடை, மாவுச்சத்தும் எண்ணெயும் குறைத்த சாப்பாடு என்று அறிவுரை சொல்லித் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று வருடத்தில், வழக்கம்போல விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் சாப்பாடும் மாறியவர்களில் 39 சதவீதம். இதில் என் மனதில் நிற்கும் விஷயம், இரண்டாவது பிரிவினருக்கு எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை என்பதுதான். எடை இறங்காமலே பலன் கிடைத்திருக்கிறது.

எனவே நடை இருக்கட்டும். எடையை இறக்குவதில் பெரும்பங்கு சாப்பாட்டுடையது. தசையைக் காப்பது, இன்சுலினைச் சரியாக வேலை செய்யவைப்பது, ரத்த அழுத்தம், தூக்கம், மனசு இதெல்லாம் நடையின் பங்கு. ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் கட்டினால் இரண்டும் சோர்ந்துபோகும்.

நண்பர்களை விட வேண்டாம், ஓட்டலையும் விட வேண்டாம். அங்கே சாப்பிடுவதையே அன்றைய டிபனாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இட்லி, சட்னியைவிடச் சாம்பார் தாராளமாக, சர்க்கரை குறைத்த காபி. வீட்டுக்குப் போய் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் வேகவைத்த பயறோ சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். பொங்கல் வடையை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள், நிம்மதியாக ரசித்துச் சாப்பிடுங்கள்.

நடையையும் கொஞ்சம் கவனியுங்கள். ரேஸ்கோர்ஸ் ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். உங்கள் ஒரு மணி நேரத்தில் இரண்டு சுற்று முழுதாக வருகிறதா, இல்லை அரசியல் பேச நின்று நின்று ஒன்றரைச் சுற்றோடு முடிகிறதா? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் நடையைக் கால் மணி நேரம் குறைத்துக்கொண்டு, பூங்கா பெஞ்சைப் பிடித்து தண்டால், உட்கார்ந்து எழுவது என்று தசைக்கும் வேலை கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட நடையோடு இதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

எடையைப் பார்ப்பதை மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, இஞ்ச் டேப்பால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்குமேல் இருந்தால் குறைக்க வேண்டிய தொப்பை இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: மேடம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். வயது 34. தினமும் ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டாகிவிடும். காலையில் சமைத்து வைத்துவிட்டுச் சாப்பிட நேரமில்லாமல் ஓடுவேன். பதினோரு மணிக்கு டீயும் பன்னும், மதியம் டிபன் பாக்ஸ் சாதம், ஐந்து மணிக்கு டீயும் பஜ்ஜியும். இரவு வந்து சமைத்துச் சாப்பிடப் பத்து மணி ஆகும். இரண்டு வருடத்தில் ஒன்பது கிலோ கூடிவிட்டது. எப்போதும் அசதி. எனக்கு உடற்பயிற்சி செய்ய நேரம் எங்கே இருக்கிறது?
– வாசகி, திருப்பூர்

பதில்: உங்களுக்கு இல்லைதான். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும், அசதியும் கூடும். உங்கள் விஷயத்தில் சாப்பாட்டு நேரத்தை முதலில் சீராக்குவோம், அசைவு தானாக அதில் சேரும்.

நீங்கள் எழுதியதை நான் ஒரு காகிதத்தில் நேரம் போட்டு எழுதிப் பார்த்தேன். காலையிலிருந்து இரவு பத்து வரை பருப்பு, பயறு, முட்டை எதுவும் பேருக்குக்கூட இல்லை. பன், சாதம், பஜ்ஜி எல்லாமே மாவு. பசி அடங்காமல் இழுத்துக்கொண்டே போய், இரவில் ஒரே மூச்சாகச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறீர்கள். எடை கூடியதற்கு உங்கள் சோம்பல் காரணமே இல்லை. பதினொன்றரை மணி நேரம் மெஷினில் உட்கார்ந்து உழைப்பவரிடம் சோம்பல் எங்கே இருக்கிறது?

காலையில் எப்படியும் மதியத்துக்குச் சமைக்கிறீர்கள். வாரத்தில் மூன்று நாள் அது அரிசிம்பருப்புச் சாதமாக இருக்கட்டும். நம் பக்கத்தில் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுவார்கள், நீங்கள் இரண்டுக்கு ஒன்று போடுங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் கூட நாலு. ருசி ஒன்றும் கெடாது, குழைவாகத்தான் வரும். குக்கரைத் திறந்ததும் ஒரு சின்ன கிண்ணத்தில் போட்டு, நின்றுகொண்டாவது நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதுதான் உங்கள் டிபன். அதே குக்கரில், மேல் தட்டில் இரண்டு முட்டையை நன்றாகக் கழுவி வைத்தால் அதுவும் வெந்துவிடும். ஒன்று பதினோரு மணிக்கு, பன்னுக்குப் பதில். மற்றொன்று மதியம். டிபன் பாக்ஸில் பாதிக்குச் சாதம், பாதிக்குப் பொரியல் அல்லது கீரை.

ஐந்து மணி பஜ்ஜிக்குப் பதிலாக ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும் ஒரு கொய்யாப்பழமும் கொண்டுபோங்கள். இங்கே ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். அந்த ஐந்து மணிக்கு வயிறு கொஞ்சம் நிறைந்திருந்தால்தான் இரவு பத்து மணிச் சாப்பாடு தானாகக் குறையும். இரவில் மனசைக் கட்டுப்படுத்திக் குறைப்பது நடக்கிற காரியம் இல்லை.

இனி அசைவு. முன்பெல்லாம் தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் உடற்பயிற்சிக் கணக்கில் வரும் என்றார்கள். 2020இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. இரண்டு நிமிடமானாலும் கணக்குத்தான். டீ நேரத்தில் ஸ்டூலிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். தண்ணீர் குடிக்க எழும்போது தோளை நாலு சுற்று சுற்றுங்கள், குனிந்தே தைப்பவர்களுக்குக் கழுத்து வலி குறையும். இரவு சாப்பிட்டதும் வீதியில் பத்து நிமிடம் பிள்ளைகளோடு நடங்கள். சாப்பிட்டபின் நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இழுத்து எரித்துக்கொள்கின்றன. அதனால் காலையில் நடக்கும் பத்து நிமிடத்தைவிட இந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு அதிகம் உதவும்.

அசதிக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருக்கிறது. தைராய்டையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டு வருடத்தில் ஒன்பது கிலோ என்பதால் சொல்கிறேன். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கு. நீங்கள் எட்டு மணிக்கு வந்து அடுப்பைப் பற்றவைப்பதால்தான் சாப்பாடு பத்து மணியாகிறது. ஏழரைக்கு வேறொருவர் சாதம் வைத்துக் காய் நறுக்கி வைத்தால் எல்லாரும் எட்டரைக்குச் சாப்பிடலாம். இந்தப் பக்கத்தை மடித்து அவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள்.

கேள்வி: வயது 63. பத்து வருடமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடும் மெட்பார்மினும் கலந்த மாத்திரை எடுக்கிறேன். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் நடக்கப் போகிறேன். அரை மணி நேரத்தில் சில நாள் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, தலை கிறுகிறுக்கிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. நடையைக் குறைக்க வேண்டுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஐயா, நாளைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சர்க்கரை தாழ்ந்துபோவது போலத்தான் தெரிகிறது. மெட்பார்மின் மட்டும் என்றால் இப்படி ஆவது அபூர்வம். கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கு ஆகும். இரவெல்லாம் சாப்பிடாத உடம்பில் மருந்து ஒரு பக்கம் சர்க்கரையை இறக்க, நடக்கும் தசை இன்னொரு பக்கம் இறக்குகிறது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் கிளம்பும் முன் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு மூன்று பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் அளவு தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. 70க்குக் கீழே என்பது அபாயம். சரியான பிறகும் நடையைத் தொடராமல் வீடு திரும்பி டிபன் சாப்பிடுங்கள். தனியாகப் போகாமல் யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்குச் சர்க்கரை என்பது அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் நடக்க ஆரம்பித்தபின் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அது நல்ல செய்திதான். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வியர்வையும் கிறுகிறுப்பும் அதனாலும் வரலாம்.

ஐந்தரை மணி என்று யாரும் சட்டம் போடவில்லை. காலை, மதியம், இரவு சாப்பிட்ட பிறகு கால் கால் மணி நேரமாகப் பிரித்து நடந்தாலும் போதும். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்கு இதுதான் இன்னும் பொருத்தம். வெறுங்காலோடு புல்லில் நடக்க ஆசைப்படாதீர்கள். பாதம் மரத்திருந்தால் முள் குத்தியது தெரியாது.

கேள்வி: மகனுக்கு 19 வயது, 60 கிலோ. ஜிம்மில் சேர்ந்திருக்கிறான். தினம் எட்டு முட்டையும், மாதம் நாலாயிரம் ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடரும் வேண்டும் என்கிறான். கொடுக்கலாமா அம்மா?
– வாசகி, ஈரோடு

பதில்: பையன் ஜிம்முக்குப் போவது சந்தோஷமான விஷயம், தடுக்காதீர்கள். சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அவனுக்கு அது 50 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவன் என்பதால் 75 வரை போகலாம்.

அது உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. மூன்று முட்டையில் 18. பாலும் தயிருமாக 400 மில்லியில் 13. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12. இரண்டு வேளைப் பருப்பில் 10. நாள் முழுக்கச் சாப்பிடும் இட்லி, தோசை, சாதம், சப்பாத்தியிலிருந்தே இருபதுக்குமேல் வந்துவிடும். கோழிக்கறி எடுக்கும் நாளில் இன்னும் 20 கூடும். ஒரு ஸ்கூப் பவுடரில் இருப்பது நாலு முட்டையின் புரதம்தான். தசை வளர்க்கப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்று 2024இல் வந்த அந்த நிறுவனத்தின் வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்த நாலாயிரத்தில் பழமும் காயும் கடலையும் வாங்குங்கள்.

அவன் இரவு எத்தனை மணிக்குப் போனைக் கீழே வைக்கிறான் என்று பாருங்கள். தசை வளர்வதற்குத் தூக்கம் வேண்டும். ஜிம்மில் யாராவது ஊசி, மாத்திரை என்று பேச்செடுத்தால் அந்த இடத்தைவிட்டே கிளம்பச் சொல்லுங்கள், அதில் சமரசமே வேண்டாம்.

கேள்வி: இரவில் சாதத்துக்குப் பதில் ராகிக் களி சாப்பிட்டால் எடை குறையுமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: அளவு குறைந்தால் குறையும். ராகியிலும் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். ராகியில் கால்சியம் மிக அதிகம், நார்ச்சத்தும் உண்டு, அதனால் நல்லது. ஆனால் இரண்டு உருண்டை களியை முழுங்கிவிட்டு எடை இறங்கும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு உருண்டை, கூடவே கீரைக் கடைசலோ கொள்ளுப் பருப்போ நிறைய. சர்க்கரை உள்ளவர்கள் கூழாகக் கரைத்துக் குடிப்பதைவிடக் களியாகச் சாப்பிடுவது மேல். கரைத்துக் குடித்தால் சீக்கிரம் ரத்தத்தில் ஏறிவிடும்.

கேள்வி: தினம் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா? என் வாட்ச் ஆறாயிரத்தில் நிற்கிறது.
– வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். பத்தாயிரம் என்பது 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு கம்பெனி தன் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்த எண். ஏழாயிரத்திலேயே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடுவதாக அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்கு இன்னும் ஆயிரம் அடிதான், பத்து நிமிட நடை.

கேள்வி: எனக்கு 58 வயது, 74 கிலோ. முழங்கால் மூட்டு தேய்மானம். நடந்தால் வலிக்கிறது, நடக்காவிட்டால் எடை கூடுகிறது. எடை குறையட்டும் என்று இரவில் ரசம் சாதம் மட்டும்தான். என்ன செய்வது என்றே தெரியவில்லை.
– வாசகி, உடுமலை

பதில்: அம்மா, நடை ஒன்றுதான் உடற்பயிற்சி என்று நினைத்துவிட்டதால் வந்த தவிப்பு இது. கொஞ்ச நாள் நடையை ஓரமாக வையுங்கள்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசை இறுகுவது தெரியும்படி ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். ஒரு வாரம் போனதும் உயரமான நாற்காலியிலிருந்து, தேவைப்பட்டால் மேசையைப் பிடித்துக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். தரையில் சம்மணம் போடுவது, குத்துக்காலிடுவது, படியேறுவது இப்போதைக்கு வேண்டாம். தொடைத் தசை வலுத்தால் மூட்டின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும்.

ரசம் சாதத்தை மாற்றுங்கள். சாப்பாட்டைக் குறைத்தபோது பருப்பும் சேர்ந்து போய்விட்டது. புரதம் இல்லாமல் எடை இறங்கினால் கொழுப்போடு தொடைத் தசையும் கரையும், மூட்டு இன்னும் தள்ளாடும். இரவில் ஒரு பச்சைப்பயறு அடையோ, இரண்டு இட்லியோடு கெட்டியாகக் கடைந்த பருப்போ சாப்பிடுங்கள். மதியம் சாதத்தை ஒரு கரண்டி குறைத்து, காயை ஒரு கரண்டி கூட்டுங்கள். ஒரு டம்ளர் தயிர், சைவமில்லை என்றால் முட்டை அல்லது மீன். மாலை காபியோடு முறுக்கு, மிக்சர் இருந்தால் அதை நிறுத்தினாலே மாதம் ஒரு கிலோ அளவுக்கு இறங்க வாய்ப்பிருக்கிறது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின்மேல் விழும் சுமை ஏறக்குறைய நாலு கிலோ குறையும். ஐந்து கிலோ குறைந்தாலே மாடிப்படியில் உங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

ஆறு வாரம் கழித்து, வலி தணிந்திருந்தால், சமதளத்தில் ஐந்து நிமிட நடையில் ஆரம்பியுங்கள். மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். மூட்டு வீங்கியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, இரவில் தூங்கவிடாமல் வலித்தாலோ இதையெல்லாம் தொடங்கும் முன் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு மூன்று முறை போய்ச் செய்முறையை நேரில் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. அரசு மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.